நந்தினி சிரித்தாள், கடம்பூர் எரிந்தது

வாயில் ஒரு கதிர்த் தாள், கையில் இரண்டு கொக்கி வாள்கள். மரத்திலிருந்து குதிக்கிறான் அந்தப் பையன். பெயர் ஜெட். தீ தேசத்துப் படைவீரர்களிடம் மாட்டிக்கொண்ட மூன்று சிறுவர்களைக் கண்மூடித் திறப்பதற்குள் மீட்டுவிடுகிறான். அவர்களில் ஒருத்தியான காட்டாராவுக்கு அவனைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போகிறது. அவள் அண்ணன் சோக்காவுக்கோ பார்த்த மாத்திரத்தில் எரிகிறது. 2005-ல் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ அனிமேஷன் தொடரின் முதல் பருவத்தில் வரும் அத்தியாயம் இது. தலைப்பே ‘ஜெட்’தான்.

ஜெட் தாய் தகப்பனைப் போரில் இழந்தவன். தன்னைப் போன்ற அநாதைகளைத் திரட்டி மரக்கிளைகளில் குடிசை கட்டி வாழ்கிறான். பேச்சு இனிக்கும். தீ தேசத்துக் கிழவர் ஒருவரை வழிமறித்து அவன் அடிப்பதைச் சோக்கா கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னால், தங்கை நம்ப மறுக்கிறாள். ‘அவன் உன்னைவிடப் பெரிய வீரன், உனக்குப் பொறாமை’ என்று வாயை அடைத்துவிடுகிறாள். அதற்குள் ஜெட் அவளையே ஏமாற்றி ஓர் அணையில் நீரை நிரப்ப வைத்திருக்கிறான். அணையை வெடி வைத்துத் தகர்த்துக் கீழே இருக்கும் ஊரை, எதிரி வீரர்களோடு சேர்த்து ஊர் ஜனங்களையும், மூழ்கடிப்பதுதான் திட்டம். கடைசியில் ஊரைக் காப்பாற்றுகிறவன் அந்தப் ‘பொறாமைக்கார’ அண்ணன்.

குழந்தைகளுக்கான தொடர் ஒன்றில் அரை மணி நேரத்துக்குள் சொல்லப்பட்ட இந்தக் கதையைத் தமிழ் வாசகர்கள் வேறு உருவில் படித்திருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். ஆனால் அழகான வில்லி ஒருத்தி, அவளைச் சுற்றி ஒருவர் மேல் ஒருவர் புகையும் இளைஞர்கள், பக்கத்தில் கரை தளும்பும் ஏரி, கடைசியில் ஒரு சாவு: இத்தனையும் கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்துக்கு மேற்கே காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் நடப்பதாக ஒருவர் எழுதி முடித்து எழுபது வருஷத்துக்கு மேலாகிறது. எழுதியவர் கல்கி. நாவல் ‘பொன்னியின் செல்வன்’. 1950 அக்டோபரில் ‘கல்கி’ வார இதழில் தொடராக ஆரம்பித்து 1954-ல் நிறைவடைந்தது.

நாவலின் முதல் காட்சியே வீராணம் ஏரிக்கரை. ஆடிப்பெருக்கு நாள். கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் கரையோடு வருகிறான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி அது. வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயரே ஏரிக்கும் பெயரானது. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக இன்றும் அதற்குத் தண்ணீர் வருகிறது. முழு மட்டம் 47.5 அடி, கொள்ளளவு 1,465 மில்லியன் கனஅடி. கடலூர் மாவட்டத்து வயலுக்குப் பாய்வது போக, 2004-லிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்காரர்களின் குடத்திலும் விழுகிறது. அந்தக் கரையிலிருந்து சில கிலோமீட்டரில் கடம்பூர். கதையின் சதி கருக்கொள்வதும் அங்கே, கொலை விழுவதும் அங்கே.

வில்லியின் பெயர் நந்தினி. பெரிய பழுவேட்டரையரின் இளம் மனைவி. உடம்பில் அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கிய அந்தக் கிழச் சிங்கம் அவள் முன்னால் வாலைச் சுருட்டிக்கொள்கிறது. கல்கியின் சாமர்த்தியம் என்னவென்றால், இத்தனை பெரிய நாவலில் நந்தினி தன் கையால் பெரிதாக எதையும் செய்வதில்லை. கத்தி எடுத்து யாரையும் குத்துவதில்லை, படை திரட்டுவதில்லை. ஓலை எழுதுகிறாள், விசாரிக்கிறாள், சிரிக்கிறாள், சில சமயம் கண் கலங்குகிறாள். மற்றதையெல்லாம் சுற்றி இருக்கிற ஆண்பிள்ளைகள் தாங்களாகவே செய்துகொள்கிறார்கள்.

கந்தமாறனை எடுத்துக்கொள்ளலாம். கடம்பூர் சம்புவரையரின் மகன். வட பெண்ணைக் கரையில் காவல் இருந்த காலத்தில் வந்தியத்தேவனுக்கு உயிர்த் தோழன். தன் தங்கை மணிமேகலையைப் பற்றி அவனிடம் வாய் ஓயாமல் பேசியவன். ஆனால் அதே தோழன் மாளிகை வாசலில் வந்து நின்றபோது, ‘தங்கைக்குப் பெரிய இடம் பார்த்தாயிற்று, அவளை மறந்துவிடு’ என்கிறான். ராஜ்யம் இல்லாத ராஜகுமாரனைத் தங்கைக்குக் கட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. பிறகு தஞ்சைச் சுரங்கப்பாதை இருட்டில் முதுகில் குத்துப்பட்டு விழுகிறான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறவன் வந்தியத்தேவன். கந்தமாறனோ குத்தியவனே வந்தியத்தேவன்தான் என்று நம்புகிறான். அந்த நம்பிக்கையோடு பழுவூர் மாளிகையில் படுத்துக் கிடக்கும்போது அவனுக்கு மருந்து கொடுத்துப் பணிவிடை செய்கிறவள் யார்? நந்தினி.

அதற்குப் பிறகு கந்தமாறனுக்குக் கண் தெரிவதில்லை. நண்பனைப் பற்றி அவன் சொல்வதெல்லாம் நியாயத்தின் குரலில் வருகிறது: துரோகி, முதுகில் குத்தியவன், ஒற்றன். உள்ளே இருப்பதோ தன்னைவிடத் துடியான ஒருவனைப் பார்த்த எரிச்சல். போகிற இடமெல்லாம் ஜனங்களுக்குப் பிடித்துப்போகிற வந்தியத்தேவனின் வாய்த்துடுக்கு கந்தமாறனுக்கு என்றைக்கும் வராது. தங்கைகூட அவனைத்தான் மனசில் வைத்திருக்கிறாள். ஜெட் அத்தியாயத்தில் உண்மையைச் சொன்னவன் பொறாமைக்காரன் என்று ஒதுக்கப்பட்டான். கடம்பூரில் பொறாமைக்காரன் உண்மையைச் சொல்கிறவன் போல எல்லோராலும் கேட்கப்படுகிறான். இரண்டு இடத்திலும் லாபம் அழகான வில்லனுக்கே.

அடுத்தவன் பார்த்திபேந்திர பல்லவன். சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் தளபதி, நண்பன். நந்தினியை நேரில் பார்க்கும் வரை அவள் பேரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறவன். பார்த்த பிறகு அவள் தூதன். கரிகாலனைக் கடம்பூருக்கு அழைத்து வரும் வேலையில் அவனும் ஒரு கை கொடுக்கிறான். திருக்கோவலூர் மலையமான், கரிகாலனின் பாட்டனார், ‘போகாதே’ என்று தலைதலையாய் அடித்துக்கொள்கிறார். எண்பது வயதுக் கிழவரின் பயத்தை இளைஞர்கள் எங்கே கேட்டார்கள்!

ஆனால் நாவலின் நிஜமான பொறாமை கரிகாலனுடையது. கல்கி இதை எழுதியிருக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கல்வெட்டுகளில் ஆதித்த கரிகாலனுக்கு இருக்கும் பெருமையே ‘பாண்டியன் தலை கொண்டவன்’ என்பதுதான். சேவூர்ப் போரில் பெயர் எடுத்த இளவரசன். வீரபாண்டியனின் தலையைத் தன் நகரில் வெற்றித் தூணில் நாட்டியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கொண்டாடுகிறது. பட்டயம் எழுதியவருக்கு அது வீரம். கல்கி அதே தலையை எடுத்து ஒரு குடிசைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்.

காயம்பட்டுப் படுத்திருக்கும் வீரபாண்டியன். பக்கத்தில் ஒரு பெண். கரிகாலன் சிறுவயதில் பழையாறையில் உயிராய் நேசித்த நந்தினி. அரண்மனைப் பெரியவர்களுக்கு அந்த நேசம் பிடிக்காமல் போய், கண்ணில் படாமல் மறைந்தவள். அவள் இப்போது அவன் காலில் விழுந்து வேறொருவன் உயிருக்காகக் கெஞ்சுகிறாள். எதிரி நிராயுதபாணி, எழுந்து நிற்கக்கூடத் தெம்பில்லை. கரிகாலனின் வாள் இறங்குகிறது. அது போர்வீரனின் வெட்டா, பொறாமை பிடித்த இருபது வயதுப் பையனின் வெட்டா என்று கரிகாலனுக்கே கடைசிவரை தெரியவில்லை. நாவல் முழுக்கத் தூக்கம் வராமல் அவன் திண்டாடுவது அதனால்தான். கல்வெட்டில் கிடைத்த ஒரே ஒரு பட்டப்பெயரை இப்படி உள்பக்கமாகத் திருப்பிப் போட்டுக் காட்டியது, தமிழ்ச் சரித்திரக் கதைகளில் நடந்த மிகத் துணிச்சலான காரியம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

நந்தினிக்கு இங்கேதான் ஒரு நியாயம் கிடைக்கிறது. மீன் சின்னம் பொறித்த பாண்டிய வாள் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் காத்து வருகிறாள். குழந்தையை எடுப்பது போல அதை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும் காட்சியைப் படிக்கிறவர்களுக்கு முதுகு சில்லிடும், அதே நேரம் பாவமாகவும் இருக்கும். மூன்றாம் பாகத்தின் பெயரே ‘கொலை வாள்’. வெறும் கெட்டவளாக இருந்தால் அவளை வெறுத்துவிட்டு அடுத்த வாரத்து இதழை வாங்காமல் இருந்திருப்பார்கள். கரிகாலனின் தங்கை குந்தவைகூட இதில் சுத்தமில்லை. சின்ன வயதில் நந்தினியின் அழகைப் பார்த்து அரண்மனைப் பெண்களுக்கு வந்த கடுப்பும் அவள் விரட்டப்பட்டதற்கு ஒரு காரணம் என்பதைக் கல்கி மறைக்கவில்லை. பின்னால் தஞ்சையில் இருவரும் சந்திக்கும்போது உபசார வார்த்தைகளுக்கு அடியில் அந்தப் பழைய கணக்குதான் ஓடுகிறது.

இந்தச் சூத்திரம் கல்கிக்கு எங்கிருந்து கிடைத்தது என்று தேடுகிறவர்கள் வழக்கமாக அலெக்சாண்டர் டூமாவைக் காட்டுவார்கள். 1844-ல் பாரிஸ் நாளிதழில் தொடராக வந்த ‘த்ரீ மஸ்கட்டியர்ஸ்’ கதையிலும் கையில் ஓலையோடு தலைநகரம் போகும் துடுக்குக்கார இளைஞன் உண்டு, மிலேடி என்ற பேரழகி வில்லியும் உண்டு. ஒற்றுமை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் வில்லனை அலங்கரித்து ரசிப்பதற்குக் கடலூர், விழுப்புரம் பக்கத்து ஆட்கள் பாரிஸ் வரை போக வேண்டியதில்லை.

திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கும் ஊர்களில் விடியவிடியக் கூத்து நடக்கும். அதில் துரியோதனன் வருகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து முதலில் சலங்கைச் சத்தம், பிறகு கிரீடத்தின் நுனி. திரை விலகும்போது மார்புப் பதக்கமும் புஜக்கட்டையும் கண்ணாடிச் சில்லு மினுக்கலுமாக ஆள் நிற்பான். தருமருக்குக் கூட இத்தனை ஜோடனை இருக்காது. கட்டியங்காரன் அவனைக் கிண்டல் பண்ணுவான், சபை சிரிக்கும், துரியோதனனும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வான். இவன் கதையும் பையன்கள் பொறாமையில்தான் தொடங்குகிறது: தன்னைவிடப் பலசாலியான பீமனுக்குச் சாப்பாட்டில் விஷம் வைத்து ஆற்றில் தள்ளியவன். எல்லாம் தெரிந்தும், படுகளத்தன்று ஊர் நடுவே மண்ணால் செய்து படுக்கவைத்த அவனுடைய பிரம்மாண்ட உருவத்தைப் பார்க்கக் கூடுகிற கூட்டத்தில் துடைப்பத்தால் அடிக்கிறவர்களும் உண்டு, அழுகிறவர்களும் உண்டு. பக்கத்து மாயவரம் வட்டாரத்தில் புத்தமங்கலத்தில் பிறந்தவர் கல்கி. கூத்தும் கதாகாலட்சேபமும் கேட்டு வளர்ந்த தலைமுறை.

சரி, கதையை விட்டுவிட்டு நிஜத்துக்கு வருவோம். நந்தினி கற்பனை. கந்தமாறன் கற்பனை. சம்புவரையர்கள் வரலாற்றில் உண்டு, ஆனால் அவர்கள் பெரிதாகத் தலையெடுத்தது வடக்கே, படைவீடு பக்கம், சில நூற்றாண்டு கழித்து. பார்த்திபேந்திரன் பெயருக்குத் தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகளில் ஆதாரம் இருக்கிறது. பார்த்திவேந்திரவர்மன் என்று வரும் அவனுக்கும் ‘வீரபாண்டியன் தலை கொண்ட’ பட்டம் இருப்பதால், அவனும் ஆதித்த கரிகாலனும் ஒரே ஆள்தான் என்று வாதிட்ட ஆய்வாளர்களும் உண்டு. வந்தியத்தேவன் குந்தவையின் கணவன் என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சொல்கிறது. அதற்கு மேல் அவனைப் பற்றித் தெரிவது சொற்பம். அந்த வாய்த்துடுக்கு முழுக்கக் கல்கி கொடுத்த சீர்.

கொலை மட்டும் நிஜம்.

அதற்குச் சாட்சி காட்டுமன்னார்கோயிலிலேயே இருக்கிறது. உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று. கிட்டத்தட்ட கி.பி. 987. பாண்டியன் தலை கொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், அவன் தம்பி இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய சொத்துகளைப் பறிமுதல் செய்யும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் அனுப்பிய ஆணையைப் பதிவு செய்கிறது. இரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்று பட்டம், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று பட்டம். ஒருவர் பட்டத்தில் பாண்டிய வாடை, மற்றவர் பட்டத்தில் சோழ வாடை. இரண்டும் உயர் அதிகாரிகளுக்குரிய பட்டங்கள். அதாவது கொன்றவர்கள் காட்டிலிருந்து வந்த கொள்ளைக்காரர்கள் இல்லை.

கொலை நடந்தது ஏறக்குறைய 970 வாக்கில். ஆணை வந்தது பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்து. இடையில் ஆண்டவர் உத்தம சோழர், நாவலில் மதுராந்தகர் என்று வருகிறவர். இந்த இடைவெளியை வைத்துத்தான் வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழர் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. பின்னாளில் குடவாயில் பாலசுப்பிரமணியன் அந்தக் கல்வெட்டையே மீள வாசித்து, விவாதத்தை மறுபடி கிளப்பினார். ராஜராஜன் மேலேயே சந்தேகத்தைத் திருப்பியவர்களும் இருக்கிறார்கள். இன்றைக்கும் யூடியூபைத் திறந்தால் ஆளுக்கொரு கொலையாளியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். நடந்த இடம் எது, காரணம் என்ன என்று கல்வெட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள் கல்கி நந்தினியை நுழைத்தார். இரவிதாசனும் சோமனும் பரமேசுவரனும் அவளுக்கு ஏவலாட்கள் ஆனார்கள்.

நான்காம் பாகமான ‘மணிமகுட’த்தில் எல்லோரும் கடம்பூர் மாளிகையில் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்கிறார்கள். பகலில் வேட்டை, ஏரியில் படகு, மாலையில் விருந்து. கரிகாலன் ஒவ்வொருவரையும் சுருக்கென்று குத்திப் பேசுகிறான். பார்த்திபேந்திரன் கந்தமாறனை முறைக்கிறான், கந்தமாறன் வந்தியத்தேவனை முறைக்கிறான், வயதான பழுவேட்டரையரோ மூவரையுமே முறைக்கிறார். ஒருவன் மற்றவனிடம் மனம்விட்டு இரண்டு வார்த்தை பேசியிருந்தால் அந்தச் சதி அங்கேயே குலைந்திருக்கும். பேசவில்லை. நந்தினி செய்ததெல்லாம், பேசவிடாமல் பார்த்துக்கொண்டது மட்டுமே. அந்த ராத்திரி கரிகாலன் அவள் அறையில் இறந்து கிடக்கிறான். மாளிகை தீப்பற்றி எரிகிறது. பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. குற்றத்தைத் தன் மேல் போட்டுக்கொள்ள ஒருவருக்கு மேற்பட்டவர்கள் முன்வருகிறார்கள், யார் கை என்பதில் கல்கி ஒரு மூட்டத்தை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்.

இந்தக் கதையை எம்.ஜி.ஆர். 1958-லேயே படமாக்க உரிமை வாங்கினார், முடியவில்லை. 1999-ல் மேஜிக் லாண்டர்ன் குழு குமரவேலின் நாடகமாக்கத்தில் சென்னையில் மேடையேற்றியது. மணிரத்னத்தின் இரண்டு படங்கள் 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்தன. ஐஸ்வர்யா ராயின் நந்தினிக்கு அழகு குறைவில்லை. விக்ரமின் கரிகாலன் சாவைத் தானே தேடிப் போகிறவனாகக் கனத்து நிற்கிறான். இரண்டாம் படம் அவர்களுடைய பதின்வயதுக் காதலோடு தொடங்குவதும் நல்ல முடிவு. குறை என்று சொன்னால், கந்தமாறன் போன்றவர்களுக்குப் படத்தில் அதிக இடம் இல்லாமல் போனது. மணிமேகலை காணாமலே போனாள். சுற்றியிருக்கும் சில்லறைப் பொறாமைகள் போய்விட்டதால், நந்தினி ஒரு பெரிய காதல் கதையின் சோக நாயகியாக மட்டும் மிஞ்சினாள். கடம்பூரின் அந்தப் புழுக்கம் திரையில் இல்லை.

அனிமேஷன்காரர்கள் இந்தப் புழுக்கத்தை நன்றாகப் பிடித்திருக்கிறார்கள். ‘அவதார்’ தொடரிலேயே இளவரசன் ஸூகோ, அவன் தங்கை அசுலா இருவரின் பகையும் தகப்பனின் பாராட்டு யாருக்கு என்பதில் பிறந்த பொறாமைதான். பெரிய யுத்தங்களைச் சின்ன வயதுக் காயத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஏழெட்டு மணி நேரம் ஓடக்கூடிய ஒரு தொடருக்குக் கடம்பூர் மட்டுமே போதும். வந்தியத்தேவனை வீராணம் கரையில் இறக்கிவிட்டு, கந்தமாறன் கண்ணால் கதையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யாராவது ஒரு தமிழ் இளைஞர் யோசிக்கலாம்.

இன்று கடம்பூருக்குப் போகிறவர்களுக்கு நாவலின் மாளிகையைக் காட்ட அங்கே ஆள் இல்லை. மேலக்கடம்பூரில் சக்கரங்களோடு தேர் வடிவில் நிற்கும் அமிர்தகடேசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே ரிஷபத்தின் மேல் ஆடும் பத்துக் கை சிவனின் செப்புத் திருமேனி, வங்காளத்துப் பாலர் பாணியில். சிதம்பரத்திலிருந்து கிளம்பினால் இந்தக் கோயிலையும் உடையார்குடிக் கல்வெட்டையும் ஏரிக்கரையையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். படம் மட்டும் பார்த்தவர்கள் போகும் முன் நான்காம் பாகத்தையாவது படித்துவிடுங்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன, ‘மதுரைத் திட்டம்’ இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கிறது.